கால் வழுக்கும் அந்த ஒரு நொடி

மழை நாள்ல மெஸ் வராண்டாவில் தட்டோடு வழுக்கின அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கால் லேசா நகர ஆரம்பிச்சதும், பிடிச்சு நிறுத்தவே முடியாது. ஏன்? இதற்கான பதிலை அளந்து காட்டியவர் உங்களுக்குத் தெரிஞ்சவர்தான். ஃபிசிக்ஸ்ல மின்னூட்டங்களுக்கு விதி சொன்னாரே, அதே சார்லஸ் அகஸ்டின் டி கூலூம்!

1736-ல் பிரான்சின் அங்குலேம் ஊரில் பிறந்தவர். படிச்சது ராணுவப் பொறியியல். 1764-ல் மார்ட்டினிக் தீவுக்கு அனுப்பினாங்க. அங்கே எட்டு வருஷம் கோட்டை கட்டும் வேலை. உடம்பு பலமுறை படுத்தது. ஆனால் களத்துல நின்னு வேலை பார்க்கிற பழக்கம் கடைசி வரை ஒட்டிக்கிச்சு.

எடை கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும் என்று அமோன்டன் 1699-லேயே சொல்லியிருந்தார். ஆனா பாரிஸ் அறிவியல் அகாடமிக்கு அது போதல. கப்பல் துறைக்கு உதவுற மாதிரி, பெரிய அளவில் சோதனை செய்றவங்களுக்குப் பரிசுன்னு அறிவிச்சாங்க.

1779-ல் கூலூம் ரோஷ்ஃபோர் துறைமுகத்துக்குப் போனார். பக்கத்துத் தீவில் மரக்கோட்டை கட்டும் வேலை. அங்கிருந்த கப்பல் கட்டும் தளத்தையே லேப் ஆக்கிட்டார். மரத்து மேல மரம், மரத்து மேல உலோகம்னு பாரம் ஏற்றி இழுத்துப் பார்த்தார். காய்ந்த பரப்பில் மட்டுமா? கொழுப்பு தடவியும் இழுத்தார். கொஞ்ச நேரம் அசையாம வெச்சிருந்தும் இழுத்தார். ஒவ்வொரு தடவையும் அளவு மாறியது. நகர்த்தத் தொடங்கத் தேவைப்படும் விசையைவிட, நகர்ந்த பிறகு தேவைப்படும் விசை பொதுவாகக் குறைவு என்பதும் தெளிவானது. 1781-ல் அகாடமியின் பரிசு அவருக்கே.

உங்க கால் விஷயமும் இதுதான். வழுக்கத் தொடங்கிய பிறகு தரையின் பிடி இன்னும் குறையுது. நடுவில் தண்ணீர் படலம் வந்துட்டா காலணி தரையைச் சரியாத் தொடுறதே இல்ல. அதனாலதான் இன்றைக்குத் தரையைச் சோதிக்கிறவங்க ஊசல் கருவியைக் கொண்டு வந்து, தண்ணீர் தெளிச்சுப் பார்க்கிறாங்க. ஊசல் முனையில் உள்ள ரப்பர் தரையை உரசிப் போகும். பிடி அதிகமிருந்தா ஊசல் மறுபக்கம் குறைவாகவே ஏறும். பிரிட்டன் வழக்கப்படி 36-ம் அதற்கு மேலும் வந்தால் வழுக்கும் அபாயம் குறைவு. காய்ந்தபோது பாஸான அதே டைல்ஸ், நனைஞ்சதும் ஃபெயில் ஆகலாம்.

பிரெஞ்சுப் புரட்சியில் பாரிஸை விட்டு விலகி, பிறகு திரும்பி வந்த கூலூம், 1806-ல் காலமானார்.

நாம எக்ஸாம்ல உராய்வு எண் 0.3-னு கொடுத்தா அப்படியே போட்டுட்டுப் போயிடுறோம். நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரிக்கோ ரயில் நிலையத்துக்கோ டைல்ஸ் தேர்ந்தெடுக்கிற இடத்துல நீங்க இருக்கலாம். அந்த எண் காய்ந்த தரையில் எடுத்ததா, நனைந்த தரையில் எடுத்ததான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அங்கே நடக்கப்போறது உங்க பாட்டியாகவும் இருக்கலாம்.