கடல் நடுவே கிறிஸ்து பிறப்பு விழா



பாலன் இயேசு பிறந்த இரவில் தேவதாயும் சூசையப்பரும் சொந்த வீட்டில் இல்லை. நாசரேத்தூர் வெகு தொலைவில் இருந்தது. பின்னர் எகிப்துக்கும் ஓட வேண்டியதாயிற்று. ஆகவே கிறிஸ்து பிறப்பு நாளில் வீட்டை நினைத்து ஏங்குவோர் திருக்குடும்பத்துக்கு மிக நெருங்கியவர்கள் என்று துணிந்து சொல்லலாம். அப்படிப்பட்ட ஒருவரான அன்னி மூர் என்னும் அயர்லாந்துப் பெண்ணின் வாழ்க்கையை இந்த யூபிலி மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

அன்னி 1874-ஆம் ஆண்டு அயர்லாந்தின் கார்க் நகரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். அதற்கு ஒரு தலைமுறை முன்பு, 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் கொடிய பஞ்சம் தொடங்கியிருந்தது. சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் நாட்டை விட்டு வெளியேறினர். பஞ்சம் தீர்ந்த பின்னும் மக்கள் கப்பலேறுவது நிற்கவில்லை. ஒரு பிள்ளை அமெரிக்கா புறப்படுமுன், இறந்தவர் வீட்டில் விழித்திருப்பது போலவே, உற்றார் உறவினர் கூடி விடியுமட்டும் விழித்திருப்பது அந்நாட்டு வழக்கமாயிற்று. போகிறவரின் முகத்தை மறுபடியும் காண்போம் என்ற நம்பிக்கை பெற்றோருக்கு இல்லாததே அதற்குக் காரணம்.

அந்த மக்களுக்குக் கிறிஸ்து பிறப்பு விழா வீட்டு விழா. விழாவுக்கு முந்திய மாலையில் சன்னலில் ஒரு மெழுகுதிரி ஏற்றி வைப்பார்கள். வீட்டின் கடைக்குட்டியே பெரும்பாலும் அதை ஏற்றும். இடம் தேடி அலையும் மரியாளுக்கும் சூசையப்பருக்கும் இங்கே இடமுண்டு என்பதே அதன் பொருள். அமெரிக்காவுக்குப் போன மக்களிடமிருந்து கடிதமும் பணமும் வந்து சேர்வதும் அந்த நாட்களில்தான். கடிதம் வந்த வீட்டில் மகிழ்ச்சியும் கண்ணீரும் ஒன்றாய்க் கலந்திருக்கும்.

அன்னியின் பெற்றோர் முன்னரே நியூயார்க் சென்றிருந்தனர். 1891 டிசம்பர் 20-ஆம் நாள், அன்று குவீன்ஸ்டவுன் எனவும் இன்று கோவ் எனவும் வழங்கும் துறைமுகத்தில், தம்பியர் அந்தோனி, பிலிப்பு இருவரையும் அழைத்துக்கொண்டு அன்னி நெவாடா என்ற கப்பலில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 17. விழாவுக்கு ஐந்தே நாட்கள் இருந்தன. வீடுகளின் சன்னல்களில் திரிகள் எரிந்த அந்தப் புனித இரவில், இம்மூவரும் அட்லாண்டிக் கடலின் நடுவே, கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தனர். பின்னால் பிறந்த ஊர், முன்னால் பெற்றோர், சுற்றிலும் குளிர்காலக் கடல். தம்பியருக்கு அன்று தாயும் வீடும் அக்காளே.

டிசம்பர் 31-ஆம் நாள் கப்பல் நியூயார்க் சேர்ந்தது. மறுநாள், 1892-ஆம் ஆண்டின் முதல் நாள், குடியேறுவோரைப் பதிவு செய்யும் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது. அதன் பதிவேட்டில் முதலாவதாக எழுதப்பட்ட பெயர் அன்னி மூர். அதிகாரி ஒருவர் 10 டாலர் பொற்காசு வழங்கினார். அயர்லாந்திலிருந்து வரும் இளம்பெண்களைக் காக்க 1883-இல் நிறுவப்பட்ட செபமாலை அன்னை இல்லத்துக் குருவானவர் அவரை ஆசீர்வதித்தார். 1954-இல் மூடப்படும் வரை அந்நிலையத்தின் வழியாக ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர் வந்தனர்.

பொற்காசு பெற்ற கைகள் அதன்பின் உழைப்பையே கண்டன. நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த சில தெருக்களுக்குள்ளேயே அன்னியின் வாழ்நாள் கழிந்தது. ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோசப் ஷேயர் என்பவரை 1895-இல் மணந்தார். பல பிள்ளைகளைப் பெற்று, அவர்களுள் பலரைக் குழந்தைப் பருவத்திலேயே அடக்கம் செய்தார். 1924 டிசம்பர் 6-ஆம் நாள், திருவருகைக் காலத்தில், தமது 50-ஆம் வயதில் இறந்தார். கால்வரி கல்லறைத் தோட்டத்தில் பெயர்க்கல் இன்றி அடக்கமானார்.

உலகம் அவரை மறந்ததோடு நில்லாமல், அதே பெயருடைய, டெக்சாஸ் மாநிலத்தில் இறந்த வேறொரு பெண்ணை அவர் என்று நீண்ட காலம் நம்பியது. 1993-இல் கோவ் துறைமுகத்திலும் எல்லிஸ் தீவிலும் சிலைகள் எழுந்தபோதும், உண்மையான அன்னியின் கல்லறை பெயரற்றே கிடந்தது. 2006-இல்தான் உண்மை வெளியாயிற்று. 2008-இல் அயர்லாந்துக் கல்லால் ஆன சிலுவை அங்கு நிறுவப்பட்டது. தாயகத்துக்குத் திரும்பாதவரின் தலைமாட்டுக்கு, 84 ஆண்டுகள் கழித்து, தாயகத்தின் கல் வந்து சேர்ந்தது.

அன்பர்களே, முதல் நாள் வரவேற்பது எளிது. பெயரை மறவாதிருப்பதே கடினம். பங்கு என்பது பெயர்களை மறவாத குடும்பம். நம் பங்கின் திருமுழுக்கு ஏட்டில் பெயருள்ள பலர் இன்று பிழைப்புக்காகத் தூர தேசங்களில் இருக்கிறார்கள். விழா நாளில் விடுப்புக் கிடைக்காதவர்களும், பக்கத்தில் கோவில் இல்லாதவர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் அனுப்பும் பணத்தை எண்ணுகிற நாம் அவர்களுடைய தனிமையை எண்ணுகிறோமா? பிழைப்புத் தேடி நம் ஊருக்கு வந்து, அடுத்த தெருவில் தங்கியிருக்கும் அயலாரின் பெயரையாவது கேட்டோமா?

இந்த யூபிலி ஆண்டின் கிறிஸ்து பிறப்பு இரவில், தொலைவில் இருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வீட்டுக் குடிலின் முன் மன்றாடுவோம். அயலார் ஒருவரையேனும் நம் பந்தியில் அமர்த்துவோம். இடமின்றி அலைந்த திருக்குடும்பம் நம் இல்லங்களையும், இல்லம் விட்டுச் சென்றோரையும் காப்பதாக.