லூசி வில்ஸ்: கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு மார்மைட்டில் மருந்து கண்ட மருத்துவர்

ஜொகூர் பாருவில் பெரிய சூப்பர்மார்க்கெட் எதற்குள் நுழைந்தாலும் அந்தக் குண்டு பாட்டில் கண்ணில் படும். மார்மைட். காய்ச்சல் என்றால் கஞ்சியில் கொஞ்சம் கலக்கிக் கொடுத்த அம்மாக்கள் நம்மிடையே நிறைய பேர்.

அதே ஊரில் அரசு சுகாதார கிளினிக்குக்குப் போகும் கர்ப்பிணியின் கையில் இரும்புச்சத்து மாத்திரையோடு ஃபோலிக் அமில மாத்திரையும் கொடுப்பார்கள். அந்தப் பாட்டிலுக்கும் இந்த மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? நடுவில் இருப்பவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். அவர் வேலை செய்த இடங்களில் தமிழ்நாட்டின் குன்னூரும் சென்னையும் உண்டு.

யார் இவர்?

1888 மே 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் அருகே சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் படித்தார். படிப்பை முடித்தும் பட்டம் கிடைக்கவில்லை. காரணம், அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் தருவதில்லை.

முதல் உலகப்போர் தொடங்கியபோது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். கேப் டவுனில் தன்னார்வலராக நோயாளிகளைக் கவனித்தார். 1915இல் லண்டன் திரும்பி, பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1920இல் டாக்டர் ஆனபோது வயது 32. கிளினிக் வைத்து நோயாளி பார்ப்பதைவிட ஆய்வுக்கூடம்தான் அவருக்குப் பிடித்தது. ராயல் ஃப்ரீ மருத்துவமனையிலேயே அந்த வேலையில் இறங்கினார்.

பம்பாய்க்கு ஏன் போனார்?

1920களில் இந்தியாவில் பிரசவ காலத்தில் பெண்கள் இறப்பது பெரிய பிரச்சினை. அதில் ஒரு காரணம் கடுமையான ரத்தசோகை. பம்பாயில் துணி ஆலைத் தொழிலாளிப் பெண்களிடம் இது அதிகம் காணப்பட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்க 1928இல் லூசி அங்கே போய், ஹாஃப்கின் நிறுவனத்தில் ஆய்வைத் தொடங்கினார்.

இங்கே ஒரு விஷயம் புரிய வேண்டும். இரும்புச்சத்து குறைந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிப் போகும். இந்தப் பெண்களின் சிவப்பணுக்களோ வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. அப்படியென்றால் இது வேறு நோய். இரும்பை மட்டும் கொடுத்தால் சரியாகாது.

முதலில் கிருமித் தொற்றா என்று பார்த்தார். அது பிடிபடவில்லை. பிறகு அவர்கள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். ஏழைப் பெண்களின் சாப்பாட்டில் பழம், காய்கறி, புரதம் எல்லாமே குறைவு. அங்கிருந்துதான் வழி திறந்தது.

குன்னூரும் சென்னையும்

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். ஊட்டச்சத்து ஆய்வில் பெயர் பெற்ற ராபர்ட் மெக்காரிசன் அப்போது அங்கே இருந்தார். 1931இல் சென்னையில் கோஷா மருத்துவமனையில் பணிபுரிந்தார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று அழைக்கப்படுவது அதுதான்.

மார்மைட் எப்படி வந்தது?

பம்பாய்ப் பெண்கள் சாப்பிட்டதைப் போன்ற உணவையே ஆய்வுக்கூடக் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்கும் அதே மாதிரி ரத்தசோகை வந்தது. மார்மைட் கொடுத்ததும் குணமானது.

அடுத்து நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர்களும் தேறினார்கள். ஈஸ்ட்டிலிருந்து செய்யும் இந்தப் பசை விலை மலிவு என்பது கூடுதல் வசதி. 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார்.

அப்போது இன்னொரு வகைப் பெரிய சிவப்பணு ரத்தசோகைக்கு ஈரல் சாறு மருந்தாக இருந்தது. அதைச் சுத்திகரித்துக் கொடுத்தால் லூசியின் நோயாளிகளுக்குப் பலன் இல்லை. சுத்திகரிக்காத சாறு மட்டும் வேலை செய்தது. 1937இல் இதை அவர் காட்டினார். மார்மைட்டிலும் ஈரலிலும் அதுவரை யாரும் அறியாத ஒரு சத்து இருக்கிறது என்பது இதனால் உறுதியானது. அதற்கு வில்ஸ் காரணி என்ற பெயர் வந்தது.

அந்தச் சத்து எது?

1941இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பசலைக்கீரையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். 1940களின் நடுவில் அதைச் செயற்கையாகத் தயாரித்தது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடம். அந்தக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்!

லூசி 1947இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகும் ஜமைக்கா, ஃபிஜி என்று ஊட்டச்சத்து ஆய்வுக்காகப் பயணம் செய்தார். லண்டனின் செல்சியில் தொழிற்கட்சி கவுன்சிலராகவும் இருந்தார். 1964 ஏப்ரல் 16 அன்று 75 வயதில் காலமானார். கருவுக்கு முன்பும் தொடக்கத்திலும் ஃபோலிக் அமிலம் எடுத்தால் குழந்தைக்கு வரும் முதுகுத்தண்டுக் குறைபாடுகள் பெருமளவு குறையும் என்று 1991இல் பெரிய ஆய்வு ஒன்று நிரூபித்தபோது அவர் இல்லை.

இன்று நமக்கு என்ன?

கர்ப்பிணிகள் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் எடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பருப்பு, கொண்டைக்கடலை, கீரை எல்லாம் ஃபோலேட் தரும். ஆனால் கீரையை ரொம்ப நேரம் வேகவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டால் அதில் பாதிக்கு மேல் போய்விடலாம். இரும்பு மாத்திரையோடு தே தாரிக் வேண்டாம். டீ இரும்பைச் சேரவிடாது. கொய்யா, எலுமிச்சை போன்ற வைட்டமின் சி உணவு உதவும்.

மார்மைட் பிடித்தால் சாப்பிடுங்கள். ஆனால் அதில் உப்பு அதிகம், மாத்திரைக்கு அது மாற்று இல்லை.

வீட்டில் யாருக்காவது ரத்தம் கம்மி என்று சொன்னால், உடனே கடையில் இரும்பு டானிக் வாங்கிவிடாதீர்கள். இரும்பா, ஃபோலேட்டா, பி12ஆ என்று கேளுங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். அப்போது ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் ரத்தப் பரிசோதனை நன்றாகத் தெரியும், ஆனால் நரம்பு பாதிப்பு உள்ளுக்குள் தொடரும். பம்பாயில் லூசி முதலில் செய்ததும் இதுதான்: மருந்து கொடுப்பதற்கு முன் இது எந்த ரத்தசோகை என்று பார்த்தார்.