சிபில் கார்த்திகேசு: கதவடைக்காத செவிலி

இராமநாதபுரச் சீமையின் கடற்கரை மக்களுக்குக் கடல் என்றுமே எல்லையாக இருந்ததில்லை. அது வழியாகவே இருந்து வந்திருக்கிறது. மண்டபம் முகாமில் உடற்சோதனைக்கு உட்பட்டு இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் ஒரு சாரார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா சென்றோர் மற்றொரு சாரார். பிழைப்பும் வணிகமும் நாடிச் சென்ற அம்மக்களின் கடிதங்களையும் பணவிடைகளையும் எதிர்நோக்கி வாழ்ந்த குடும்பங்கள் இங்கே பல. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அன்றுமுதல் மூன்றரை ஆண்டுக் காலம் அக்கரைச் செய்தி அற்றுப்போயிற்று. போயினார் உயிரோடு இருக்கின்றனரா என்பதே தெரியாமல் இக்கரை வீடுகளில் விளக்குகள் எரிந்தன.

அந்த இருண்ட காலத்தில் அக்கரையில் நிகழ்ந்தவற்றை அறிய விழைவோர் ஒரு செவிலியின் வாழ்வை அறிதல் வேண்டும். அவரே சிபில் கார்த்திகேசு அம்மையார்.

அம்மையார் 1899 செப்டம்பர் 3-ஆம் நாள் சுமத்ரா தீவின் மேடான் நகரில் பிறந்தார். ஐரோப்பியக் குருதியும் ஆசியக் குருதியும் கலந்த யுரேசியக் குடும்பம் அவருடையது. பெற்றோர் இட்ட பெயரிலேயே பிறந்த ஊரின் பெயரும் இடம்பெற்றிருந்தது. செவிலிப் பணியையும் மகப்பேற்றுப் பணியையும் முறையாகப் பயின்ற அவர், சீன மொழிகளுள் ஒன்றாகிய காண்டனீசைத் தாய்மொழி போலவே பேச வல்லவராயிருந்தார். நோயாளியின் மொழியில் பேசுவதே மருந்தின் முதல் வேளை என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்திருந்தார் போலும்.

1919-ஆம் ஆண்டு தமிழரான மருத்துவர் கார்த்திகேசுவை அவர் மணந்தார். அம்மையார் கத்தோலிக்கர், ஆறுமுகம் கணபதிப் பிள்ளை என்னும் இயற்பெயருடைய மணமகனோ இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். சமயம் குறித்து எழுந்த தடையை நீக்க அவர் கத்தோலிக்க நெறியை ஏற்று, ஆப்டன் கிளெமென்ட் கார்த்திகேசு ஆனார். இல்லறத்தின் தொடக்கமே துயரத்தில் தோய்ந்தது. அவ்வாண்டு பிறந்த ஆண் மகவு ஒரு நாள் கூட முழுமையாக வாழவில்லை. பெற்ற பிள்ளையை இழந்த தாய், பெறாத பிள்ளையொருவனைத் தன் பிள்ளையாக ஏற்றார். வில்லியம் என்னும் அம்மைந்தனும், பின்னர்ப் பிறந்த ஒல்கா, டான் என்னும் பெண்மக்கள் இருவரும் அவ்வீட்டின் செல்வங்களாயினர்.

1926-ஆம் ஆண்டு முதல் ஈப்போ நகரின் புரூஸ்டர் சாலையில் கணவனும் மனைவியும் மருத்துவமனை நடத்தினர். ஈயச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர் அது. சுரங்கத்துச் சீனரும் தோட்டத்துத் தமிழரும் கம்பத்து மலாய்க்காரரும் சூழ வாழ்ந்த அவ்வட்டாரத்தில் மருத்துவ வீடொன்று எல்லா இனத்தாரும் கூடும் சத்திரமாகவே விளங்கும். பதினைந்து ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. ஈப்போவின் மீது குண்டுகள் விழலாயின. நகரம் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பாகக் குடும்பத்தினர் அண்மையிலிருந்த பப்பான் என்னும் பழைய சுரங்க ஊருக்கு இடம்பெயர்ந்தனர். அங்கே முதன்மைத் தெருவின் 74-ஆம் எண் கடைவீடு அம்மையாரின் மருத்துவக் கூடமாயிற்று. பஞ்சமும் காய்ச்சலும் மலிந்த காலம், மருந்து கிடைப்பதரிது. வந்தவர் வறியரா செல்வரா என்று நோக்காமல் அவர் மருத்துவம் செய்தார்.

பகலில் முன்வாசல் வழியே ஊரார் வந்தனர். இரவில் வேறொரு கூட்டம் வரத் தொடங்கியது. காட்டில் மறைந்திருந்து ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய மலாயா மக்கள் படையினர் குண்டடிபட்டும் காய்ச்சலுற்றும் அவரை நாடினர். அவர்களுள் பெரும்பாலோர் சீனர். அப்படையை நடத்தியது பொதுவுடைமைக் கட்சி. அம்மையாரோ ஆழ்ந்த இறைப்பற்றுடைய கத்தோலிக்கர். பிரிட்டிஷ் ஆட்சியின் மீது பற்றுக் கொண்டவர். கொள்கையால் தமக்கும் அவர்க்கும் இருந்த தொலைவு அறியாதவரல்லர். எனினும் காயத்திற்குக் கட்சியில்லை என்பதே அவர் கண்ட செவிலியறம். அதனோடு அவர் நின்றாரும் அல்லர். வானொலிப் பெட்டியை ஒளித்துவைத்து லண்டன் செய்திகளைக் கேட்டார். கேட்டவற்றைப் போராளிகளுக்குத் தெரிவித்தார். மருந்திட்டது தொழிலின் கடமை எனின், செய்தி சொன்னது தாமே தேர்ந்துகொண்ட போர். அதன் விலையை அவர் அறிந்தே இருந்தார்.

1943-ஆம் ஆண்டு அவ்விலை கேட்கப்பட்டது. கணவரும் மகனும் சிறைப்பட்டனர். அம்மையாரும் ஜப்பானிய இராணுவக் காவற்படையாகிய கெம்பெத்தாயின் பிடியில் சிக்கினார். போராளிகள் யார், எங்குள்ளனர், துணை நின்றோர் எவர் என்று கேட்டுக் கேட்டு வதைத்தனர். முதுகெலும்பு சிதையுமாறு அடித்தனர். அவர் எப்பெயரையும் கூறவில்லை.

உடலை வருத்திப் பயன் காணாதவர்கள் தாய்மையை வருத்தத் துணிந்தனர். ஏழு வயதளவே ஆகியிருந்த இளைய மகள் டானைக் கொணர்ந்து, தாயின் கண்முன்னே மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினர். ஒரு பெயரைச் சொன்னால் மகள் பிழைப்பாள். சொன்னால் அப்பெயருக்குரியவனும் அவனைச் சார்ந்தோரும் மடிவர். அவர்களுக்கும் மக்கள் உண்டு. வேறெந்தத் தராசிலும் நிறுக்கவியலாத அந்நிறையை ஒரு தாய் நெஞ்சில் தாங்கி நின்றார். குழந்தையும் மனந்தளரவில்லை என்று தாயே பின்னர் எழுதிவைத்தார். அவ்வேளையில் அங்கு வந்த ஜப்பானிய அதிகாரி ஒருவர் அக்கொடுமையை நிறுத்தச் செய்தமையால் சிறுமி உயிர் பிழைத்தாள்.

இந்நிகழ்ச்சியை வீரமென்று மட்டும் சொல்லிக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் குடும்பத்தின் மீது அவர் கொண்ட அன்பு குறைந்ததன்று என்பதை மறத்தலாகாது. பிறந்த அன்றே மறைந்த குழந்தைக்காக அழுத தாய் அவர். பிறர் பிள்ளைகளையும் தம் பிள்ளைகளோடு ஒரு வரிசையில் வைத்து எண்ணியதே அவர் செய்தது. அது சரியா, தவறா என்று தீர்ப்புரைக்கும் தகுதி அந்த மரத்தடியில் நில்லாத எவர்க்கும் இல்லை.

அதன்பின் பத்து காஜா சிறையில் நாட்கள் கழிந்தன. அக்காலத்தேதான் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம் – பர்மா இரயில் பாதை அமைக்கக் கொண்டுசெல்லப்பட்டு, காலராவாலும் பசியாலும் மாண்டனர். இக்கரையில் பல வீட்டினர் காத்திருந்த கடிதங்கள் வாராமற் போனமைக்கு அதுவும் ஒரு காரணம். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பின்னரே அம்மையார் விடுதலை பெற்றார். நடக்கவியலாத நிலையில் மருத்துவத்திற்காக இங்கிலாந்துக்கு விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டார். நோய்ப்படுக்கையிலிருந்தே தம் நினைவுகளை எழுதலானார். மன்னர் ஆறாம் ஜார்ஜ், வீரத்திற்குரிய ஜார்ஜ் பதக்கத்தை அவருக்கு வழங்கினார். மலாயாவில் அதனைப் பெற்ற ஒரே பெண்மணியென அவர் போற்றப்படுகிறார்.

சிறையில் தாடையில் ஏற்பட்ட பழைய காயம் நஞ்சாகிக் குருதியிற் கலந்தது. 1948 ஜூன் 12-ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதில், பிரிட்டனிலேயே அவர் கண்மூடினார். ஸ்காட்லாந்தின் லானர்க் ஊரில் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

வரலாறு இங்கே ஒரு விந்தையைச் செய்தது. அவர் மறைந்த ஒரு வாரத்திற்குள்ளாகவே மலாயாவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அவர் கைகளால் குண்டெடுத்துக் காத்த போராளிகளின் இயக்கமும், அவருக்குப் பதக்கம் சூட்டிய அரசும் நேருக்குநேர் போரில் இறங்கின. ஒரு தரப்பார் அவரை முழுவதும் தமக்கே உரியவர் என்று கொண்டாட இயலவில்லை. மறு தரப்பாரும் அங்ஙனமே. எக்கொடியின் கீழும் அடங்காத நினைவாக அவர் நின்றமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மக்களோ அவரை மறந்தாரில்லை. 1949-ஆம் ஆண்டு அவருடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, புனித மைக்கேல் ஆலயத்தை அடுத்த கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அவர் எழுதிய நினைவுநூல் 1954-இல் வெளிவந்தது. நகரின் சாலையொன்று அவர் பெயரைத் தாங்கியது. பப்பான் ஊரின் 74-ஆம் எண் வீடும் அவர் நினைவில்லமாகப் பேணப்பட்டு வந்துள்ளது. 2010-இல் அவர் வாழ்க்கை மலேசியத் தொலைக்காட்சியில் தொடராக வந்தபோது புதிய தலைமுறை அவரை அறிந்தது.

நாற்பத்தெட்டு ஆண்டுகள் நீண்ட ஆயுளன்று. ஆயினும் அவரால் பிழைத்தோர் பெற்ற ஆண்டுகளையும் அவர் கணக்கிலேயே சேர்த்தல் முறை. அங்ஙனம் சேர்த்தால், பாக் நீரிணையின் கரையிலிருந்து மலாயா சென்று திரும்பாதவர்களை எண்ணி ஏங்கிய இல்லங்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. அக்கரையின் இரவொன்றில், தட்டியவர் யாரென்று கேளாமல் திறந்த கதவு ஒன்று இருந்தது. அக்கதவைத் திறந்த கைகள் ஒரு தமிழ் வீட்டு மருமகளின் கைகள்.