நாவின் நுட்பம் கண்டவர்

கண்ணாடியின் முன் நின்று நாவை நீட்டிப் பார்த்தால், அதன் மேற்பரப்பில் பொடிமணல் தூவியது போன்ற சிறு புடைப்புகள் தென்படும். சுவை உணர்ச்சிக்கும் அப்புடைப்புகளுக்கும் தொடர்பு உண்டு என்பதை முதன்முதலில் ஆராய்ந்து கூறியவர்களுள் ஒருவர், இத்தாலி நாட்டு மருத்துவர் மார்செல்லோ மால்பீகி. அறிவியல் பாடநூல்களில் நாம் காணும் மால்பீஜியன் என்னும் சொல் இவர் பெயரிலிருந்து பிறந்ததே.

மால்பீகி 1628ஆம் ஆண்டு, பொலோனா நகரை அடுத்த கிரெவால்கோரே என்னும் ஊரில் பிறந்தார். இருபத்தோராம் வயதில் தாய் தந்தையரை இழந்தார். தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பு அவர் தோள்மீது விழுந்தது. படிப்பு தடைப்பட்டபோதும் மனந்தளராது முயன்று, 1653இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

உடலில் குருதி சுற்றி வருகிறது என்பதை ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி, மால்பீகி பிறந்த ஆண்டிலேயே நூலாக வெளியிட்டிருந்தார். ஆயினும் தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வழியே செல்கிறது என்பதை அவர் கண்டாரல்லர். 1661இல் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்த மால்பீகி, அவ்விரண்டையும் இணைக்கும் மயிரிழை போன்ற நுண்குழாய்களைக் கண்டறிந்தார்.

அடுத்த ஆண்டு சிசிலித் தீவின் மெசினா நகரில் பேராசிரியர் பணி ஏற்றார். நாவைப் பற்றிய அவருடைய ஆய்வு அங்குதான் நிகழ்ந்தது. பச்சையான நாவில் அடுக்குகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருக்கும். கத்தியால் பிரித்தால் சிதைந்துவிடும். எனவே அவர் மாட்டின் நாவை நீரில் வேகவைத்தார். சமையலறையில் செய்யும் செயல்தான். ஆனால் அதுவே வழி திறந்தது. வெந்த நாவின் கடினமான மேல்தோல் எளிதில் உரிந்து வந்தது. அதன் அடியில் பிசுபிசுப்பான மற்றோர் அடுக்கு, சல்லடை போலத் துளைகளுடன் காணப்பட்டது. அதனையும் நீக்கியபோது, நரம்புகள் வந்து சேரும் சிறு முனைகள் நிமிர்ந்து நின்றன. உமிழ்நீரில் கரைந்த பொருள்கள் துளைகள் வழியே இறங்கி இம்முனைகளைத் தீண்டுவதால் சுவை பிறக்கிறது என்று மால்பீகி முடிவு கண்டார். இவ்வாய்வு 1665இல் நூலாயிற்று. அதே ஆண்டு லொரென்சோ பெல்லினி என்னும் இளைஞரும் சுவை உறுப்பைப் பற்றி நூல் வெளியிட்டது வியப்புக்குரிய ஒற்றுமையாகும்.

மால்பீகியின் கண்ணுக்கு எட்டாதவையும் இருந்தன. அப்புடைப்புகளுள் சிலவற்றின் பக்கச் சுவர்களில் சுவை அரும்புகள் புதைந்துள்ளன. அவற்றை ஜெர்மானியரான ஷ்வால்பேயும் ஸ்வீடன் நாட்டவரான லோவேனும் 1867இல்தான் தனித்தனியே கண்டறிந்தனர். நாவில் மிகுதியாக உள்ள நூல் போன்ற புடைப்புகளில் சுவை அரும்புகள் இல்லை. அவை உணவைப் பற்றித் தள்ளவே உதவுகின்றன. நாவின் பின்புறம் வரிசையாக அமைந்த பெரிய வட்டப் புடைப்புகள் ஏறத்தாழப் பத்தே. ஆயினும் அவற்றில் அரும்புகள் ஏராளம்.

பொலோனாவுக்குத் திரும்பிய மால்பீகிக்கு உடன் பணியாற்றியோரின் எதிர்ப்பே காத்திருந்தது. நுண்ணோக்கியில் பார்ப்பதால் எந்த நோயாளியும் குணமடையப் போவதில்லை என்று பழைய முறை மருத்துவர்கள் வாதிட்டனர். நோயைத் தீர்க்க விரும்புவோர் உறுப்பின் அமைப்பை அறிய வேண்டாவா என்பது அவர் தரப்பு. இவ்வழக்கு அவர் வாழ்நாளில் ஓயவில்லை. 1684இல் அவருடைய இல்லம் தீக்கிரையானது. நுண்ணோக்கிகளும் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. நல்வேளையாக, பட்டுப்புழு, கோழிக்கருமுட்டை, தாவரங்கள் ஆகியவை குறித்த ஆய்வுகளை முன்னரே இலண்டன் அரச கழகத்துக்கு அனுப்பியிருந்தார். கழகம் அவற்றை அச்சிட்டுக் காத்தது.

1691இல் போப்பாண்டவரின் மருத்துவராக உரோமுக்கு அழைக்கப்பட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின், 1694இல் மூளையில் குருதி கசிந்து உயிர் துறந்தார். அவருடைய உடலைத் திறந்து ஆராய்ந்து அக்காரணத்தை எழுதி வைத்தவர், பாலீவி என்னும் இளம் மருத்துவர்.