குலம் மறைத்தவர் குலப்பெயர் நிறுவினார்

வெள்ளி விழாக் காணும் இந்நாளில், படிப்பு முடித்து வேலைக்குச் செல்லும் நம் இளைஞர்கட்கு ஒரு பெரியவரின் வாழ்வை நினைவூட்ட விழைகின்றோம்.

இரட்டைமலை சீனிவாசனார் செங்கற்பட்டு வட்டாரத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். கோயமுத்தூரில் பயின்ற காலத்தில், தம் குலமும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என அஞ்சி, உடன்பயில்வோருடன் பழகாது ஒதுங்கியே இருந்தார். பின்னர் நீலகிரியில் ஆங்கிலேயர் நிறுவனத்தில் கணக்கரானார்.

மாதச் சம்பளத்தோடு அவர் மனம் நிறையவில்லை. 1890இல் சென்னை வந்து, 1893இல் இதழ் ஒன்றைத் தொடங்கினார். பள்ளியில் குலத்தை மறைத்த அவர் தம் இதழுக்குச் சூட்டிய பெயர் 'பறையன்'. பிற்காலத்தில் தென்னாப்பிரிக்கா சென்று நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். தாயகம் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலையும் கிணறும் குளமும் யாவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924இல் நிறைவேறச் செய்தார். 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். 1945இல் மறைந்தார்.

சேலம், நாமக்கல் பகுதிகளிலிருந்து அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் செல்லும் நம் பிள்ளைகளுள், எந்தத் தெரு என்று கேட்டாலே குரல் தாழ்பவர் இன்றும் உளர். அவ்வச்சம் அவர்தம் குற்றமன்று. எனினும் அஞ்சி ஒடுங்குபவர் பதவி உயர்வையும் கேட்கத் தயங்குவர். ஆகவே, கைத்தொழிலில் தேர்ச்சி, அடுத்த படிக்குரிய தேர்வு, ஊருக்கு ஆற்றும் தொண்டு ஆகிய மூன்றையும் ஆண்டுதோறும் குறித்துவைத்து உழையுங்கள். வேலை நமக்குப் படிக்கட்டு. அதனையே முடிவென எண்ணி நின்றுவிடல் வேண்டா.