கல்தச்சர் வீட்டு டாப்ளர்

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போவதைக் கவனித்திருப்பீர்கள். வரும்போது கீச்சென்று இருக்கும் சத்தம், நம்மைத் தாண்டியதும் கட்டையாக இறங்கிவிடும். அதுக்குக் காரணம் சொன்னவர் கிறிஸ்டியன் டாப்ளர்.

1803-ல் சால்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பரம்பரையாகக் கல்வேலை செய்த குடும்பம். இவர் நோஞ்சான், சுத்தியல் பிடிக்க முடியாது என்றுதான் படிக்க அனுப்பினார்கள். (எங்கப்பாவும் கொத்தனார். ஆனால் நான் நோஞ்சான் இல்லை!) படித்தும் நிலையான வேலை இல்லை. பஞ்சாலையில் ஒன்றரை வருஷம் கணக்கு எழுதினார். 1835-ல் சாமான்களை விற்று அமெரிக்கா கிளம்ப இருந்த நேரத்தில் பிராக் நகரில் வாத்தியார் வேலை வந்தது. பிறகு அங்கே பாலிடெக்னிக்கிலேயே பேராசிரியர் ஆனார். நூற்றுக்கணக்கான பேருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தியே உடம்பு கெட்டது. ரொம்பக் கண்டிப்பு என்று மாணவர்கள் புகாரும் கொடுத்தார்கள். நம்ம ஆளுங்க எல்லா ஊரிலும் உண்டு.

1842-ல் இரட்டை நட்சத்திரங்களின் நிறம் பற்றிக் கட்டுரை வாசித்தார். அலையை அனுப்பும் பொருள் நம்மை நோக்கி வந்தால் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும் என்பது அவர் விதி. நட்சத்திர நிறத்துக்குச் சொன்ன காரணம் தப்பு, விதி சரி. 1845-ல் ஹாலந்தில் பய்ஸ் பாலட் என்பவர் ஊதுகுழல்காரர்களை ரயிலில் ஏற்றி, தண்டவாளத்தோரம் இசைக்காரர்களை நிறுத்திக் கேட்கவைத்தார். சுருதி மாறியது. 1853-ல், ஐம்பது வயசு நிறையும் முன்பே, நுரையீரல் நோயால் டாப்ளர் வெனிஸில் இறந்தார்.

1960-களில் இதே விதியை வைத்து வயிற்றுப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்டார்கள். 2 மெகாஹெர்ட்ஸ் அளவில் அனுப்பும் ஒலி, அசையும் இதயத்தில் பட்டுத் திரும்பும்போது கொஞ்சம் மாறும். அந்த வித்தியாசம்தான் நம் காதுக்குக் கேட்கிறது.

என் அக்காவுக்கு ஏழாம் மாசம். மாமா வெளிநாட்டில். பிள்ளையின் துடிப்பைப் பதிந்து அவருக்கு அனுப்பலாம் என்று, இரவல் வாங்கிய சின்ன டாப்ளர் கருவியின் இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் மைக் துளைக்கு வயர் இழுத்தேன். அழகாக விழுந்தது. எண்ணிப் பார்த்தால் நிமிஷத்துக்கு 80. பிள்ளைக்கு 110-லிருந்து 160 வரை இருக்கணும். அக்கா முகம் வெளுத்துப்போச்சு. ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே 142.

கருவியில் விழுந்தது அக்காவின் ரத்தக்குழாய்! ஏதோ அசைகிறது என்று மட்டுமே டாப்ளர் விதி சொல்லும், யாருடையது என்று சொல்லாது. பிள்ளை அசைவு குறைந்த நாளில் தாயின் துடிப்பைக் கேட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நர்ஸ் அம்மா கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை.

கருவியை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஃபைல் இன்னும் இருக்கிறது. பாப்பா என்று பேர் போட்டு வைத்தேன், உள்ளே கேட்பது அக்காவின் துடிப்பு.