ஏழு செப்புக்காசுகள்

இலண்டன் மாநகரின் தென்புறத்தே, நியூவிங்டன் பட்ஸ் என்னும் பகுதியில், 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மைக்கேல் ஃபாரடே பிறந்தார். தந்தை கொல்லர், அடிக்கடி நோயுற்று வேலையிழந்தவர். எழுத்தும் எண்ணும் அறிந்த அளவோடு சிறுவனின் பள்ளிக்கல்வி முடிந்துபோயிற்று. 1805இல் ரீபோ என்பாரின் கடையில் நூற்கட்டுத் தொழில் பயில ஏழாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார்.

கட்டுவதற்கு வந்த நூல்களே அவருக்குப் பள்ளியாயின. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையாரின் வேதியியல் நூலும் அவரை ஈர்த்தன. ஆயினும், அச்சில் இருப்பதனாலேயே ஒன்றை மெய்யென ஏற்கும் இயல்பு அவரிடம் இல்லை. தம் சிறு வருவாய்க்குள் அடங்கும் பொருள்களைக் கொண்டு ஒவ்வொன்றையும் செய்துபார்த்தார். கண்ணாடிக் குடுவையைக் கொண்டு உராய்வு மின்பொறி ஒன்றை அமைத்தார்.

1812ஆம் ஆண்டு சூலை மாதம் அவர் செய்த மின்கல அடுக்கு குறிப்பிடத்தக்கது. ஏழு அரைப்பென்னிச் செப்புக்காசுகள், அதே அளவில் வெட்டிய ஏழு துத்தநாக வட்டுகள், உப்புநீரில் நனைத்த ஆறு காகிதத் துண்டுகள், அவ்வளவே கருவி. அவற்றை மாறிமாறி அடுக்கி, இரு முனைகளிலிருந்தும் கம்பிகளை மெக்னீசியம் சல்பேட்டுக் கரைசலுள் இட்டார். கரைசல் சிதைவுற்றது! அவ்வியப்பை நண்பர் அபாட்டுக்கு விரிவாகக் கடிதம் எழுதிப் பகிர்ந்துகொண்டார்.

அதே ஆண்டில் இராயல் நிறுவனத்தில் ஹம்ஃப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. கேட்டவற்றைப் படங்களுடன் எழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். கற்ற தொழில் கைகொடுத்தது என்றே சொல்லவேண்டும். 1813 மார்ச்சில் ஆய்வக உதவியாளர் பணி கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் ஊதியம். தங்குவதற்கு மேல்மாடியில் இரண்டு அறைகள். எரிபொருளும் மெழுகுவத்தியும் இலவசம்.

1831 ஆகஸ்ட் 29 அன்று, இரும்பு வளையமொன்றில் சுற்றிய இரு கம்பிச்சுருள்களுள் ஒன்றை மின்கலத்தோடு இணைத்தபோதும் துண்டித்தபோதும், மற்றொன்றோடு தொடர்புடைய காந்தமுள் அசைந்ததைக் கண்டார். அக்டோபரில் காந்த முனைகளிடையே செப்புத்தட்டைச் சுழற்றித் தொடர்ந்து மின்னோட்டம் பெற்றார். இன்று விழும் நீரும், வீசும் காற்றும், நிலக்கரி தரும் நீராவியும் மின்னாக்கிகளைச் சுழற்றி மின்சாரம் தருவது அந்நெறியினாலேயே ஆகும்.

அக்காலத்தில் உராய்வு மின்சாரம் வேறு, மின்கலம் தருவது வேறு, மின்மீனின் அதிர்ச்சி வேறு என ஐயுற்றோர் பலர். ஃபாரடே ஒவ்வொன்றின் விளைவுகளையும் சோதித்து ஒப்பிட்டு, மூலங்கள் பலவாயினும் மின்சாரம் ஒன்றே என 1833இல் நிறுவினார். பின்னர் மின்விலாங்கு இருந்த தொட்டிக்குள் தம் கைகளையே இட்டு அதன் அதிர்ச்சியை உணர்ந்தார்.

தாம் கற்ற முறையிலேயே பிறர்க்கும் கற்பித்தார். இளையோர்க்கான கிறித்துமசுச் சொற்பொழிவுகளை 1827 முதல் 1860 வரை பத்தொன்பது முறை நிகழ்த்தினார். மின்காந்தத்தின் வலிமையைச் சொல்லி விளக்குவதற்கு மாறாக, கரிவாளியையும் இடுக்கியையும் அதன்மீது எறிந்து, அவை ஒட்டிக்கொள்வதைக் காட்டினார். சிறுவர் ஆரவாரித்தனர். விக்டோரியா அரசியாரின் மக்களும் அவ்வவையில் அமர்ந்து கேட்டதுண்டு.

நினைவாற்றல் தளர்ந்திருந்த முதுமையில், 1860ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய கடைசித் தொடருக்கு அவர் தேர்ந்த பொருள் எல்லார் வீட்டிலும் இருந்த மெழுகுவத்தி. சுடரின் உள்ளிருந்து ஆவியைக் குழாய்வழி வெளியேற்றி, அதன் மறுமுனையிலும் தீயேற்றினார். எரியும்போது நீர் உண்டாவதைக் காட்டி, அந்நீரை மின்கலத்தால் பகுத்தும் காட்டினார். 1867 ஆகஸ்ட் 25 அன்று, ஹாம்ப்டன் கோர்ட்டிலிருந்த இல்லத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்தவாறே அவர் உயிர் பிரிந்தது. இரண்டாம் உலகப்போரின்போது சில ஆண்டுகள் தடைப்பட்ட அச்சொற்பொழிவுகள் இன்றும் நடைபெற்று வருகின்றன.